காட்டறையும், என் பெயரில் தரப்பட்ட வாக்கும்

1

சென்ற தை மாதம் காட்டருகே நான் கட்டிய எழுத்தறையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஊரிலிருந்து பலர் புகைப்படம் கேட்டிருந்தீர்கள். நான் அனுப்பவில்லை. சோம்பல் காரணமில்லை. அந்தக் குறிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது: “இந்தக் கிராமம் எனக்கு ஓர் இடத்தைத் தந்தது, பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.” அது உண்மையன்று. எழுதும்போது எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் உங்களிடம் சொல்லாமல் இருப்பது சரியாகாது என்பதால் இதை எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடுமலைப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இது வெளிநாடில்லை, கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆயினும் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே காலெடுத்து வைத்ததும் என் மொழி முடிந்துவிடுகிறது. சிஞ்ச்வட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர். ஓர் இயந்திரத்தை இடம் மாற்றுவதற்கு முன், அதனால் யாருக்கு என்ன நேரலாம் என்று பட்டியலிட்டுக் கையெழுத்திடுவது என் பிழைப்பு. குடியிருப்பு நிக்டியில், மூன்றாம் மாடியில். தேவகி என் மனைவி. கயல் எங்கள் ஒரே மகள், சிஞ்ச்வட்டில் பிறந்தவள், கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறாள்.

படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் கண்டோன்மென்டுக்கும் வேலை தேடி முன்னொரு தலைமுறையில் இங்கே வந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிக்டி வீட்டில் அது நகரவே இல்லை. கூடத்து மேசையில் தாள்களை விரித்தால் ஒன்று சாப்பாட்டு நேரம் வந்துவிடும், அல்லது குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம் வந்துவிடும். அதனால்தான் ஓர் அறை. பெரிய ஆசையில்லை: பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு மேசை, சுற்றிலும் மரங்கள்.

நிலம் வாங்கலாமென்றுதான் முதலில் முயன்றேன். மகாராஷ்டிரத்தில் விவசாயியாக இல்லாதவர் விவசாய நிலம் வாங்குவது எளிதில்லை. நானும் விவசாயி மகன்தானே என்று, ஊரிலிருந்து பட்டா நகலை வரவழைத்து, நம் ஊர் கிராம நிர்வாக அலுவலருக்கு நிகரான ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன பாஷை?”

“தமிழ்.”

“எது மேல் பக்கம்?”

காட்டினேன்.

“நீங்க விவசாயின்னு இதுல எங்க எழுதியிருக்கு?”

“என் அப்பா பேர் இருக்கு. எனக்கும் பங்கு உண்டு.”

“சரி. அங்க நீங்க விவசாயி. இங்க நீங்க கம்பெனி ஆள்,” என்று இந்தியில் சொல்லித் தாளை மரியாதையாகவே மடித்துக் கொடுத்தார்.

இதைக் கேள்விப்பட்டுச் சிரித்தவர் நாம்தேவ். இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவாக்கும் எங்கள் பிரெஸ் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். தளேகாவுக்கு அப்பால், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்று அவருடையது. அவர் வயலின் மேல்கோடியில், காடு தொடங்கும் இடத்தில், பாறையும் நாவல்மரமுமாக ஒரு மூலை கிடந்தது.

“சாஹேப், வாங்கவே வேண்டாம். வந்து உட்காருங்க. நான் இருக்கிற வரைக்கும் அது உங்க இடம்.”

“பதிலுக்கு நான் என்ன செய்யணும்?”

“புஸ்தகம் வந்தா ஒண்ணு குடுங்க.”

“உங்களால படிக்க முடியாதே.”

“ஷோகேஸ்ல வைப்பேன். எங்க பிரெஸ் ஷாப் பேர் உள்ள இருக்குமில்ல?”

ஆனால் அந்த மூலைக்குச் செல்லும் பாதை நாம்தேவுடையதில்லை. அது ஊர்ப் பொது நிலத்தின் வழியே, கண்டோபா கோயிலின் மரக்கூட்டத்தை ஒட்டிப் போகிறது. செங்கல் வண்டி அதில் போக வேண்டுமென்றால் ஊர் சம்மதிக்க வேண்டும்.

2

இந்த இடத்தில் என் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் மராத்தி கற்கவில்லை. பேருந்தில் ஏறவும், கீரை வாங்கவும், துக்கம் விசாரிக்கவும் தெரியும். அதற்கு மேல் போகவில்லை. தொழிற்சாலையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களே மிகுதி என்பதால் இந்தி போதுமாயிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு கற்கலாம் என்று தள்ளிவைத்தேன். வீட்டில் கயல் இருந்ததும் அந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம். அவள் மராத்தியில் சண்டை போடுவாள், தூக்கத்திலும் மராத்தியில் உளறுவாள். தமிழ் பேசுவாள், ஆனால் உடுமலைக்குப் போகும்போது பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதோடு அவளுடைய தமிழ்ப் படிப்பு நின்றுவிடும். மின்வாரியமானாலும் வங்கியானாலும் எனக்காகப் பேசுபவள் அவள்தான். மகள் இரவல் தந்த நாக்கோடு ஒரு மாநிலத்தில் வாழ்ந்துவந்தேன்.

நெல்லறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் முற்றத்தில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஊருக்குச் சொல்லவேண்டியதை நான்கு உறுதிமொழிகளாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு மரத்தையும் வெட்ட மாட்டேன். கிணற்று நீரை மோட்டார் வைத்து இறைக்க மாட்டேன். விருந்து, கூத்து, கூட்டம் எதற்கும் இடம் தர மாட்டேன். இன்னொரு கட்டடம் எழுப்ப மாட்டேன். இவை எல்லாம் செய்யாமையைப் பற்றியவை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஊரில் பெரும்பாலோருக்கு இந்தி வராததால் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கயல் மராத்தியில் சொன்னாள். தலைகள் ஆடவில்லை. பின்வரிசையிலிருந்து ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி எழுந்தார். அங்கன்வாடி நடத்தும் யமுனாபாய் என்று நாம்தேவ் என் காதில் சொன்னார். அவர் உரத்த குரலில் ஏதோ கேட்டார். கயல் உடனே பதில் சொல்லவில்லை.

“என்ன கேக்கறாங்க?” என்றேன்.

“பாம்பு வரும், இவருக்குப் பயமில்லையான்னு.”

“நாங்களும் தோட்டத்துல வளர்ந்தவங்கதான்னு சொல்லு.”

அவள் சொன்னாள். நீண்ட நேரம் சொன்னாள். கையை விரித்து, காட்டைச் சுட்டி, விரல்களை மடக்கி நான்கு காட்டி, என்னைச் சுட்டிச் சொன்னாள். இறுக்கம் தளர்ந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரு வரிக்கு இத்தனையா?”

“மராத்தில அப்படித்தான்பா.”

சற்று நேரத்தில் யமுனாபாய் ஒரு தட்டில் வில்வ இலையும் மஞ்சள்தூளும் கொண்டுவந்து என் முன்னே நீட்டினார். நம்மவர்களில் யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்களோ அதையே நானும் செய்தேன். வலக்கையால் இரண்டையும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்; மஞ்சளை நெற்றியில் இட்டேன்; இலையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினேன். பிரசாதத்தை வேறு எப்படி வாங்குவது? முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சந்நிதியை நோக்கி இரு கைகளையும் உயர்த்தினார். வெளியூர்க்காரனின் பக்தி அவரை நெகிழ வைத்தது போலும் என்று எண்ணி மகிழ்ந்தேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதினேன்.

கயல் என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

3

கட்டிய கதையை முன்பே எழுதிவிட்டதால் இங்கே சுருக்குகிறேன். கருங்கல் அடித்தளம். சுவருக்குக் கார்விக் குச்சிகள். நம் மேற்குமலைக் குறிஞ்சியின் உறவுச் செடி அது. குச்சிகளை நெருக்கிக் கட்டி, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசினால் கோடையிலும் உள்ளே தண்மை நிற்கும். மேலே ஓடு. பழைய பொருட்கள் விற்கும் சந்தையிலிருந்து ஒரு தேக்குக் கதவு. பூட்டு மட்டும் திண்டுக்கல்.

தொழில் பழக்கத்தால் இதற்கும் ஓர் அபாயப் பட்டியல் தயாரித்தேன். மின்னல், பாம்பு, சிறுத்தை, காட்டுத்தீ, ஒழுகல், கரையான். ஒவ்வொன்றுக்கும் எதிரே தடுப்பு முறை. தேவகி அதைப் படித்துவிட்டு, “ஏனுங்க, மனுசங்கள உட்டுட்டீங்களே,” என்றாள். நான் சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

தரை மெழுக ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கூலி கொடுத்தபோது வாங்க மறுத்தார்கள். யமுனாபாய் சைகையால் சன்னலைத் தாழ்வாக வைக்கச் சொன்னார், வைத்தேன். உத்தரத்தின் நடுவில் கனமான கொக்கி ஒன்று அடிக்கச் சொன்னார். விளக்கு மாட்டத்தான் சொல்கிறார் என்று நினைத்து அடித்தேன். இவ்வளவு அக்கறையா என்று வியந்து உங்களுக்கு ஒரு முழுப் பத்தி எழுதினேன். அந்தப் பத்தியை இப்போது படித்தால் முகம் சுடுகிறது. அவர்கள் தங்கள் அறையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முற்றத்தில் அதை அறியாதவன் நான் ஒருவன்.

தையிலிருந்து வைகாசி வரை ஞாயிறுதோறும் போனேன். ஆகுர்டியில் லோக்கல் ரயிலேறித் தளேகாவில் இறங்கி, ஷேர் ஜீப்பில் ஊர் எல்லைவரை போய், அங்கிருந்து நடை. எட்டு மணிக்கு மேசையில் உட்கார்ந்தால் மாலை நான்குவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். காய்ந்த இலைமேல் மயில் நடப்பதை முதல் நாள் ஆள் நடப்பதென்றே நினைத்து எழுந்து போய்ப் பார்த்தேன். நான்கு அத்தியாயங்கள் எழுதினேன். அவற்றில் மூன்றாவது, வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியுமாக வளர்ந்து, தாயும் மகனும் ஒருவரையொருவர் பாதியே புரிந்துகொண்டு வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது. எழுதி முடித்த நிறைவில் ஓடையில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தக் குடும்பத்தை நான் வெளியிலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

4

தளேகாவைச் சுற்றிய மாவலத்து மழையை நம் ஊர் மழையோடு ஒப்பிட முடியாது. ஆனியில் இறங்கினால் புரட்டாசிவரை மலையே தெரியாது. முதல் மழைக்கு முன் கையெழுத்துத் தாள்களை மேசை இழுப்பறையில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டு வந்தேன். ஐந்து வாரங்கள் போக முடியவில்லை. பின் ஒரு ஞாயிறு மழை சற்றுத் தணிந்ததும் கிளம்பினேன்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஆனால் கதவு கீல்களிலிருந்து கழற்றப்பட்டு, சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையில் பாய்கள். உத்தரத்துக் கொக்கியில் குழந்தைகளை எடைபோடும் தராசு, துணித்தொட்டிலோடு தொங்கியது. என் மேசையில் மருந்துப் பெட்டி. சுவரில் அ, ஆ கற்பிக்கும் மராத்திப் படங்கள். என் தாள்களைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தார்கள். அவசரத்தில் விட்டுப்போன ஒரு தாள் சன்னலடியில் கிடந்தது. அதன்மேல் தைலம்போல் ஏதோ சிந்தி, மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் மஞ்சளாகியிருந்தது.

என் உள்ளத்தில் எழுந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஏழைகளைப் பற்றி எழுதுகிறவன், ஒப்பந்தத் தொழிலாளிக்காக மேலாளரோடு வாதிட்டவன் என்றெல்லாம் என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் அந்தக் கணத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “இவர்களை நம்பினேனே” என்ற ஒன்றுதான் மிஞ்சியது. மரியாதையோடு வந்தேன், ஊரைக் கேட்டுக் கட்டினேன், நான்கு உறுதிமொழிகளில் ஒன்றையும் மீறவில்லை. என் கதவைக் கழற்றிவிட்டார்களே. நாம்தேவ் அந்த வாரம் தன் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். கேட்க வேறு ஆள் தோன்றவில்லை. நேரே காவல் சாவடிக்குப் போனேன்.

அங்கே எழுத்தர் போன்ற ஒருவர் நான் இந்தியில் சொல்லச் சொல்ல மராத்தியில் எழுதினார்.

“யார் மேல சந்தேகம்?”

“அங்கன்வாடிக்காரங்க சாமான்தான் உள்ள இருக்கு.”

“பேரு?”

சொன்னேன். அவர் தாளைத் திருப்பி வைத்துக் கையெழுத்துக்கு இடம் காட்டினார். கையெழுத்திட்டேன். நகல் ஒன்று தந்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி தளேகாவுக்கு வந்தேன். வழி நெடுகிலும் நியாயம் என் பக்கமே இருந்தது.

5

நான்காம் நாள் மாலை, தொழிற்சாலையிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றவில்லை, நாம்தேவ் அழைத்தார். எப்போதும் உரக்கப் பேசுபவர் அன்று மெதுவாகப் பேசினார்.

“சாஹேப், என்ன செஞ்சுட்டீங்க? யமுனாவை மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்காங்க. வேலை போயிடும்னு பேசிக்கறாங்க.”

“கதவக் கழட்டினது அவங்கதானே?”

“நாலு மாசம் ரூம் ஊருக்குன்னு சொன்னது நீங்கதானே? சாவி வரும் வரும்னு மூணு வாரம் பாத்தாங்க. ஓடையில தண்ணி ஏறிடுச்சு. பழைய அங்கன்வாடி அக்கரையில. நர்ஸ் பொண்ணு ஓடையத் தாண்டி அங்க போக முடியாது. கதவ உடைக்கக்கூடாது, நம்ம சாஹேபோடதுன்னு கீலைக் கழட்டி வச்சிருக்காங்க.”

“நான் எப்பச் சொன்னேன்?”

அவர் சொன்னார்: “கண்டோபா முன்னால பேல்-பண்டார் எடுத்தீங்களே, சாஹேப். முப்பது பேர் பாத்தோம். அதுக்கு மேல எங்க ஊர்ல பத்திரம் கிடையாது.”

பேல் என்றால் வில்வம். பண்டார் என்றால் மஞ்சள். இரண்டையும் ஒருசேரக் கையில் ஏந்துவது இந்தப் பக்கத்தில் சத்தியம் செய்வது. நான் கண்ணில் ஒற்றி நெற்றியில் வேறு இட்டுக்கொண்டிருக்கிறேன்.

கயல் நனைந்த பையோடு உள்ளே வந்தபோது தேவகி தோசைக்கல்லின் முன் நின்றிருந்தாள். நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

“கயல், கோயில்ல எங்கிட்டக் குடுத்தது என்ன?”

அவள் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். “பேல்-பண்டார்.”

“அப்படின்னா?”

“ஷபத். சத்தியம்.”

“நான் எதுக்குச் சத்தியம் பண்ணுனேன்?”

“மழைல நாலு மாசம் ரூம் அவங்களோடதுன்னு.”

“அதை நான் சொன்னனா?”

“இல்ல. நான் சொன்னேன்.”

தேவகி அடுப்பைத் தணித்தாள். “ஏம் புள்ள, அப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கென்ன? பக்கத்துலயேதான நின்னாங்க?”

“கேட்டா நோ சொல்லிருப்பார்மா. அவங்க ஆல்மோஸ்ட் முடியாதுன்னுட்டாங்க. யமுனாதாயி எழுந்து கேட்டாங்க. ஒருத்தர் உக்காந்து எழுத ஒரு ரூம், சரி. எங்க குழந்தைங்க மழைல நனையுது. அந்த ரூம் எங்களுக்கு எதுக்கு ஆகும், அதச் சொல்லு பொண்ணேன்னு. எனக்கு…” அவளுக்குத் தமிழ் கிடைக்கவில்லை. “லாஜ் வாட்லி. வெக்கமாப் போச்சு.”

“பாம்புன்னு சொன்னயே.”

“என்ன சொல்றதுன்னே தெரியலப்பா. வாய்ல பாம்பு வந்துச்சு.”

இன்னொரு சமயமாக இருந்தால் மூவரும் சிரித்திருப்போம்.

“ரூம நான் பூட்டிட்டு வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லணும்னு டெய்லி நெனச்சேன். டெய்லி லேட் ஆச்சு.”

“எனக்காகப் பொய் சொன்னயா, அவங்களுக்காகவா?”

“ரெண்டு பேருக்கும்.” பிறகு அவள் நிமிர்ந்தாள். “நீங்க எழுதறது எனக்குப் படிக்க வராது. அம்மா வாசிச்சுக் காட்டுவாங்க. அதுல ஒரு அப்பா இருக்கார். யாருக்கு என்ன ஆகும்னு யோசிச்சு யோசிச்சு எழுதற அப்பா. அவர் யெஸ் சொல்வார்னு நெனச்சேன். அவரைத்தான் நான் டிரான்ஸ்லேட் பண்ணினேன்.”

அவள் குத்திக்காட்டவில்லை. நம்பிச் சொன்னாள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

“அந்த அப்பாகிட்டயாவது கேட்டிருக்கலாம்,” என்றேன்.

“தோசை ஆறுது,” என்றாள் தேவகி. “சண்டைய வயித்துக்குப் போட்டுட்டுப் போடுங்க ரெண்டு பேரும்.”

யாரும் சாப்பிடவில்லை. காவல் சாவடியில் தந்த நகலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதை வாசிக்க வீட்டில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளே வாசித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

“இதுல சோரின்னு இருக்கு. திருட்டு. ரூம்ல இருந்த சாமானை யமுனாதாயி திருடினாங்கன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கு.”

“நான் திருட்டுன்னு சொல்லவே இல்லயே.”

“கையெழுத்து உங்களோடது.”

அவள் சரியாகத்தான் வாசிக்கிறாளா என்று நான் அறிய வழியே இல்லை. என்னை ஏமாற்றிய அதே நாக்கை நம்பித்தான், நான் ஏமாற்றப்பட்டதையும் நான் அடுத்தவருக்கு இழைத்ததையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தொழிற்சாலையில், தெரியாத மொழியில் அச்சிட்ட பாதுகாப்புப் படிவத்தில் தொழிலாளியின் கையெழுத்தை வாங்கக்கூடாது, உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று போராடி விதியை மாற்றியவன் நான். அதைப் பற்றி உங்களுக்குப் பெருமையாக எழுதியும் இருக்கிறேன்.

6

மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனேன்.

“அப்போ பொய்ப் புகாரா?” என்றார் அந்த எழுத்தர்.

“பொய் இல்லை. தவறான புகார்.”

“ரெண்டுக்கும் தனித்தனி ஃபாரம் கிடையாது.”

இம்முறை அவர் எழுதியதை எனக்கு இந்தியில் வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டார், ஆனாலும் வாசித்தார். யமுனாபாயின் மேலதிகாரிக்கும் தனியே மராத்தியில் ஒரு கடிதம் எழுதுவித்து, நாம்தேவை உரக்க வாசித்து இந்தியில் பொருள் சொல்லவைத்துக் கேட்டபின் கையெழுத்திட்டேன். யமுனாபாயின் வேலை நிலைத்தது. ஆனால் மேலதிகாரி விளக்கம் கேட்ட குறிப்பு அவருடைய கோப்பில் இருக்கும் என்று நாம்தேவ் சொன்னார். அதை என்னால் அகற்ற முடியவில்லை.

மகள் தந்த வாக்குக்கு நான் கட்டுப்பட்டவனா என்று பல நாட்கள் யோசித்தேன். இல்லை என்பதே என் முடிவு. என் வாயால் வராத சொல் என்னைக் கட்டாது. நல்ல நோக்கத்துக்காக என்றாலும், பேச இயலாதவனின் குரலை எடுத்து வேறொன்றைச் சொல்வது தீங்கு. நாளை அவளே ஓர் அதிகாரியாகி யாருக்காகவோ பேசும்போது இந்தப் பழக்கம் எங்கே போய் நிற்கும் என்ற அச்சமும் இருக்கிறது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. “சாரி” என்றாள். பிறகு, “ஆனா ரூம் கொடுப்பீங்கதானே?” என்றாள். இரண்டும் அவளுக்கு ஒரே மூச்சில் வந்தன.

நாம்தேவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, ஆறு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு பத்து நாட்கள் ரயிலில் முணுமுணுத்தேன். எடைபோடும் நாளில் அறைக்குப் போனேன். கயலும் வந்தாள்.

“நான் பேசட்டுமா?” என்றாள் பாதையில்.

“வேண்டாம்.”

“நீங்க திணறினா?”

“திணறறேன். நீ வாயைத் திறக்கக்கூடாது.”

அறை நிறையத் தாய்மார்களும் குழந்தைகளும். ஈரத்துணி வாடை. தராசுத் தொட்டிலில் ஒரு கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்று என் ஆறு வாக்கியங்களைச் சொன்னேன். என் புகார் தவறு. நீங்கள் திருடவில்லை. மன்னியுங்கள். மழைக்காலம் நான்கு மாதமும் அறை உங்களுடையது. இது சாவி. அடுத்த ஆண்டும் இப்படியே. இரண்டாம் வாக்கியத்தில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பிழையாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கயலின் பக்கம் திரும்பவில்லை.

யமுனாபாய் எடைக் குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். புரியவில்லை. என் தோளருகே கயல் மூச்சை இழுத்தது கேட்டது. ஆனால் அவள் பேசவில்லை. “தாயி, மெதுவா,” என்றேன், அக்கா என்ற பொருளில் கயல் அழைப்பதுபோல. அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

“இதைச் சொல்றது நீங்களா, உங்க பொண்ணா?”

அந்த நான்கு மாதத்தை முதலில் சொன்னவள் அவள். நான் ஒருநாளும் நினைத்திராத ஒன்று அது. அவள் தன் சொல்லை என் சொல் என்று இவர்களிடம் சொன்னாள். இப்போது அதே சொல்லை நானும் என்னுடையதென்று சொல்ல வேண்டியிருந்தது.

“நான்தான்,” என்றேன்.

யமுனாபாய் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பிறகு கையை அசைத்து ஏதோ சொன்னார். அது முதல் தடவையிலேயே புரிந்தது: வாசலை விட்டு விலகுங்கள், தராசு முள் தெரியவில்லை, வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்.

விலகினேன். வெளியே ஓட்டின் விளிம்பிலிருந்து நீர் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. இறவாரத்தின் கீழ் நானும் கயலும் நின்றோம். நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது. உள்ளே யமுனாபாய் ஓர் எடையைச் சொல்ல, யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.